சிலேட்டு மலையில் ஒரு முதுசக் காணி: மோசல் வைன் சொல்லும் நிலத்தின் கதை

ஜேர்மனியின் மேற்கு ஓரத்தில், மோசல் ஆற்றங்கரையில் வேலன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெயரைக் கேட்டால் நமக்கு மலையில் நிற்கும் முருகன்தான் நினைவுக்கு வருவார். ஊரிலிருந்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தால் செங்குத்தான மலைச்சரிவு முழுவதும் திராட்சைக் கொடிகள் தெரியும். அவற்றின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் பாறையில் பெரிய சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. 1842ஆம் ஆண்டு யோடோக்குஸ் புரூம் என்ற தோட்டக்காரர் அதை அமைத்தார். மலையில் நிற்பவர்களிடம் கைக்கடிகாரம் இல்லாத காலம் அது. சாப்பாட்டுக்கு எப்போது இறங்குவது, வேலையை எப்போது முடிப்பது என்பதை அந்தப் பாறையில் விழும் நிழல் சொன்னது.

இன்று அந்தச் சரிவுக்கே 'வேலன் ஊரின் சூரியக் கடிகாரம்' என்றுதான் பெயர். அந்தப் பெயர் ஒட்டிய வைன் போத்தல்கள் நியூயோர்க்கிலும் ரோக்கியோவிலும் நல்ல விலைக்குப் போகின்றன. ஆனால் அதே ஆற்றின் கரையில் இன்னும் பல சரிவுகள் கைவிடப்பட்டு முட்செடி மூடிக் கிடக்கின்றன. 1990 அளவில் மோசல் பகுதியில் 12,000 ஹெக்டயருக்கும் அதிகமான நிலத்தில் திராட்சை நின்றது. இன்று அது 9,000 ஹெக்டயருக்கும் கீழே இறங்கிவிட்டது. உலகப் புகழ் பெற்ற நிலம் ஒருபக்கம், ஏறுவதற்கு ஆளில்லாத நிலம் மறுபக்கம். இந்த இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் எப்படி உருவாகின என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

குடியால் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதை வடக்கு கிழக்கில் வாழும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது குடிப்பது பற்றிய கட்டுரை அல்ல. ஒரு காணியைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருப்பதற்கு மனிதர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது பற்றியது.

கல்லும் வெயிலும்

முன்பு பள்ளிக்கூடத்துக்கு நாம் கொண்டுபோன சிலேட்டுப் பலகையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்தான் மோசல் மலைகளின் உடம்பு. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, பூமியின் அழுத்தத்தில் இறுகித் தட்டுத் தட்டாக உடையும் கல்லானது. அந்தக் கல் துண்டுகளுக்கு இடையில்தான் அங்கே கொடி நடுகிறார்கள். பல இடங்களில் மண் என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. ஊருக்கு ஊர் கல்லின் நிறமும் மாறும். வேலனில் நீலம் கலந்த சாம்பல் நிறம், சற்றுத் தள்ளி ஊர்சிக் என்ற ஊரில் சிவப்பு.

அந்த இடம் ஏறத்தாழ 50 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. திராட்சை பழுப்பதற்கு அது மிகவும் குளிரான இடம். வெயில் எப்போதும் சாய்வாகவே விழும். சமதரையில் சாய்ந்து விழும் வெயில் பரந்து பலமிழந்து போகும். தெற்கையோ தென்மேற்கையோ பார்த்த மலைச்சரிவில் அதே வெயில் நேராக வந்து அடிக்கும். கரிய சிலேட்டுக் கல் பகல் முழுவதும் அந்தச் சூட்டைக் குடித்து இரவில் மெல்ல வெளியே விடும். கீழே ஓடும் ஆறு குளிரின் கடுமையைக் கொஞ்சம் தணிக்கும். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் வேர்கள் தண்ணீர் தேடிக் கல் இடுக்குகளில் ஆழமாக இறங்கும்.

ஆகவே அங்கே சரிவு என்பது விவசாயியின் துரதிர்ஷ்டம் அல்ல. சரிவு இருப்பதால்தான் பழம் பழுக்கிறது. அந்தச் சரிவே அவன் முதுகையும் ஒடிக்கிறது. மோசல் தோட்டங்களில் ஏறத்தாழ 40 வீதம், 100 மீற்றருக்கு 30 மீற்றருக்கு மேல் உயரும் செங்குத்து நிலம். பிரெம் என்ற ஊருக்கு மேலேயுள்ள கல்மோன்ட் மலையில் சில இடங்கள் 65 பாகை வரை சாய்ந்திருக்கின்றன. அங்கே கொடிக்கு வேலை செய்வது ஏணியில் நின்று வேலை செய்வதற்குச் சமம்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். நம் ஊரில் கொடியைப் பந்தலில் படரவிட்டு நிழலுக்குள் நின்று குலை வெட்டலாம். மோசலில் பழைய முறைப்படி ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியே ஒரு கம்பு. கொடியின் இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் அந்தக் கம்போடு கட்டுவார்கள். சுற்றிவர எந்தப் பக்கத்தாலும் நின்று வேலை செய்யவும், சரிவில் குறுக்காக நடக்கவும் அதுவே வசதி.

ஏன் இந்தத் திராட்சை

மோசலில் 60 வீதத்துக்கும் மேலான நிலத்தில் நிற்பது ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. எழுத்தில் கிடைக்கும் இதன் முதல் தடயம் 1435ஆம் ஆண்டுக்குரியது. ஜேர்மனியின் ரூசல்ஸ்ஹைம் என்ற இடத்தில் ஒரு பிரபுவின் கணக்கேட்டில், கொடிகள் வாங்கிய செலவாக அது பதிவாகியிருக்கிறது. மோசலில் திராட்சை அதைவிட மிகப் பழையது. உரோமர்கள் அங்கே வைன் செய்தார்கள். நோய்மாகன் என்ற ஊரில் கிடைத்த உரோமர் காலக் கல்லறைச் சிற்பம் ஒன்று, வைன் பீப்பாய்களை ஏற்றிய படகையும் துடுப்பு வலிப்பவர்களையும் காட்டுகிறது.

1787இல் ட்ரியர் நகரின் ஆட்சியாளராக இருந்த பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான வகைகளைப் பிடுங்கிவிட்டு நல்ல வகைகளை நடும்படி ஆணையிட்டார். அதன் பின்னரே ரீஸ்லிங் அந்த ஆற்றின் அடையாளமாக வளர்ந்தது. விவசாயிகள் அதை உடனே விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. ரீஸ்லிங் குளிரைத் தாங்கும். ஆனால் தாமதமாகப் பழுக்கும். ஒக்ரோபர் கடந்தும் பழத்தைக் கொடியில் விட்டுவிட்டு, மழையும் பூஞ்சணமும் வராதிருக்க வேண்டிக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு. மெதுவாகப் பழுத்த பழத்தில் இனிப்பு ஏறும்போது புளிப்பும் கூடவே நிற்கும். குளிர்ந்த நிலவறையில் நொதித்தல் சில வேளை இடையில் நின்றுபோகும். அப்போது பழத்தின் சீனியில் ஒரு பகுதி வைனிலேயே தங்கிவிடும். இதனால்தான் மோசல் வைன் பலவற்றில் மதுசாரம் 8 வீதத்தை ஒட்டியே இருக்கும். நல்ல வைன் பல பத்தாண்டுகள் கெடாமல் இருப்பதற்கும் இந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த கட்டே காரணம். 'சிலேட்டுக் கல்லின் சுவை வைனில் தெரிகிறது' என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. கல்லிலுள்ள கனிமம் நேராக நாவுக்கு வருவதில்லை என்கிறார்கள் புவியியலாளர்கள். கல் தருவது சூட்டையும் வடிகாலையும்தான்.

சிலேட்டு இன்னொரு உதவியும் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஒன்று ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டி நட்டுத்தான் மீண்டார்கள். மோசலின் கல் நிலத்தில் அந்தப் பூச்சியால் பெரிதாகப் பரவ முடியவில்லை. அதனால் அங்கே ஒட்டுப்போடாத, தன் சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகள் இன்றும் இருக்கின்றன. சில 100 வயதையும் கடந்தவை.

ஒரு குடும்பம், ஏழு பங்கு

18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மோசலின் நல்ல நிலங்களில் பெரும்பங்கு திருச்சபையிடமும் பிரபுக்களிடமும் இருந்தது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தன. பின்னர் மடங்களின் நிலங்கள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன. பணம் வைத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள் அவற்றை வாங்கின. கூடவே நெப்போலியனின் சட்டமும் வந்தது. பெற்றோரின் சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும் என்றது அது.

நீதியான சட்டம்தான். ஆனால் அதன் விளைவு என்ன என்பது முதுசக் காணியை நான்கு பேருக்குப் பிரித்து, பின் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்து, கடைசியில் ஆளுக்கொரு பரப்புக்கூட மிஞ்சாமல் நின்ற நம் குடும்பங்களுக்குத் தெரியும். மோசலிலும் அப்படியே நடந்தது. ஒரு சரிவில் நான்கு வரிசை, அடுத்த ஊரில் ஆறு வரிசை எனத் தோட்டங்கள் துண்டு துண்டாகச் சிதறின.

வேலன் ஊரின் புரூம் குடும்பமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சூரியக் கடிகாரம் கட்டிய குடும்பத்தின் பெரிய தோட்டம் 1911இல் ஏழு வாரிசுகளுக்குப் பிரிந்தது. அவர்களில் ஒருவரான யோஹான் யோசப் புரூம் தன் பங்கில் தொடங்கியதுதான் இன்று அதே பெயரில் உலகம் அறிந்த தோட்டம். அவருடைய மகன் செபஸ்டியான் 1920இல் வேலைக்கு இறங்கினார். 1969இல் அவர் இறந்தபோது மகன் மன்பிரெட் பொறுப்பேற்றார். 2003இல் மன்பிரெட்டின் மகள் கத்தரீனா சேர்ந்தார். தந்தையும் மகளும் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். நகரத்தில் வேறு வாழ்க்கை அமைத்திருக்கக்கூடிய இருவரும் தோட்டத்துக்கே திரும்பினார்கள்.

இந்தத் தோட்டத்தின் அளவு 20 ஹெக்டயரைச் சுற்றியே இருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 800 பரப்பு. உலகப் புகழுக்கு இது மிகச் சிறிய நிலம். அதுவும் ஒரே வேலிக்குள் இல்லை. வேலன், கிராஹ், பேர்ன்காஸ்டல், செல்ற்றிங்கன் ஆகிய ஊர்களின் சரிவுகளில் பிரிந்து கிடக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அரசு பல ஊர்களில் காணிகளை மாற்றிக்கொடுத்து ஒன்றுசேர்க்கும் திட்டங்களை நடத்தியது. பாதைகள் வந்தன, வேலை இலகுவானது. அதேவேளை பல இடங்களில் பழைய கொடிகளும் கல்மதில்களும் அந்தச் சீரமைப்பில் அழிந்தன.

மார்க்ஸ் எழுதிய செய்தி

மோசல் வைனின் பழைய பெருமையைப் பேசுபவர்கள் அதன் பழைய பட்டினியை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1815க்குப் பின் அந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்குப் போனது. தொடக்கத்தில் சுங்கவரி அமைப்பு மோசல் வைனுக்குச் சாதகமாக இருந்தது. விவசாயிகள் கடன் வாங்கித் தோட்டத்தைப் பெருக்கினார்கள். பின்னர் ஜேர்மன் அரசுகளுக்கிடையே சுங்க எல்லைகள் நீங்கி, 1834இல் சுங்க ஒன்றியம் வந்தது. தெற்கிலிருந்து மலிவான வைன் வந்து இறங்கியது. விலை சரிந்தது, கடன் நின்றது. பல குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

அந்தத் துன்பத்தைக் கொலோன் நகரிலிருந்து வெளிவந்த ரைனிஷ் ஸைற்றுங் பத்திரிகையின் மோசல் செய்தியாளர் எழுதினார். எழுதியது பொய் என்றார் மாகாண ஆளுநர், ஆதாரம் கேட்டார். பதில் எழுதியவர் பத்திரிகையின் 24 வயது ஆசிரியர், ட்ரியர் நகரில் பிறந்த கார்ல் மார்க்ஸ். அவருடைய தந்தைக்கும் அந்தப் பகுதியில் திராட்சைத் தோட்டப் பங்கு இருந்தது.

1843 ஜனவரியில் வெளியான அந்தக் கட்டுரைகளில் மார்க்ஸ் வைத்த வாதம் இன்று படித்தாலும் பழசாகத் தெரியாது. மக்களின் துன்பத்தை விசாரிக்கும் அதிகாரி, அந்தப் பகுதியை நிர்வகித்த அதே அதிகாரி. துன்பம் உண்மை என்று அவர் ஒப்புக்கொண்டால் தன் நிர்வாகம் தோற்றது என்று ஒப்புக்கொள்வதாகும். ஆகவே பழி காலநிலை மேலும் விவசாயியின் பழக்கவழக்கம் மேலும் விழும். ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் நடுவே இரு தரப்பின் பேச்சையும் பொதுவில் வைக்கும் சுதந்திரமான பத்திரிகை தேவை என்பதே அவருடைய முடிவு.

அரசு அந்தப் பத்திரிகையை மார்ச் மாத இறுதியோடு நிறுத்த உத்தரவிட்டது. மோசல் விவசாயிகளின் நிலைதான் தன்னைப் பொருளாதாரக் கேள்விகள் பக்கம் திருப்பிய காரணங்களில் ஒன்று என்று 1859இல் மார்க்ஸ் எழுதினார். உலக அரசியலைப் புரட்டிப்போட்ட ஒரு சிந்தனையின் ஊற்றுக்கண்களில் ஒன்று, விலை போகாத திராட்சைத் தோட்டம்.

வரிக் கந்தோர் எரிந்த நாள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை தலைகீழானது. இரயில் வந்தது, நகரங்களில் பணம் புழங்கியது. 1900ஐ ஒட்டிய காலத்தில் மோசல், ரைன் வைன்கள் பிரான்சின் சிறந்த வைன்களுக்குச் சமமான விலைக்கும் அதற்கு மேலும் விற்றன. அந்தச் செழிப்பும் முதலாம் உலகப் போரோடு முடிந்தது. பணவீக்கம், வெளிநாட்டு வைன் இறக்குமதி, அவற்றோடு வைன் வரி என்று அடுத்தடுத்து அடி விழுந்தது.

1926 பெப்ரவரி 25ஆம் திகதி பேர்ன்காஸ்டல் நகரில் கூடிய தோட்டக்காரர்கள் வரி அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். கோப்புகளையும் தளபாடங்களையும் சாளரத்தால் வீசித் தெருவில் எரித்தார்கள். அதே ஆண்டில் வைன் வரி நீக்கப்பட்டது. அமைதியான ஆற்றங்கரைக் காட்சியை அட்டையில் அச்சிடும் சுற்றுலாத்துறை இந்த நாளை முன்னால் வைப்பதில்லை. ஆனால் மலையில் ஏறுபவன் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டால் கீழே இறங்கி வருவான் என்பதற்கு அதுவே சாட்சி.

போரும் ஆறும்

அந்தக் கோபத்தையும் வறுமையையும் நாஜிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1933க்கு முன் ஜேர்மனியின் வைன் வர்த்தகத்தில் யூத வணிகர்கள் பெரும்பங்கு வகித்தார்கள். தோட்டக்காரரிடம் வாங்கி உலகச் சந்தைக்கு அனுப்பியவர்களில் பலர் அவர்களே. அவர்கள் தொழிலிலிருந்தும் பின்னர் நாட்டிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். எஞ்சியவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1941 ஒக்ரோபரில் லக்சம்பேர்க்கிலும் ட்ரியரிலும் இருந்த யூதர்களை ஏற்றிய இரயில் போலந்தின் லோட்ஸ் நகரிலிருந்த அடைப்புக் குடியிருப்புக்குப் போனது. ட்ரியருக்குக் கிட்டவாக, மலைக்காட்டுக்குள், ஹின்ஸர்ட் வதைமுகாம் இயங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போன பண்ணைகளில் பெண்களோடும் முதியவர்களோடும் போர்க்கைதிகளும் பிற நாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களும் வேலை செய்தார்கள். ஜேர்மன் விவசாயம் அந்த ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. 'பரம்பரைத் தோட்டம்' என்ற அழகான சொல்லுக்குள் இந்த ஆண்டுகளும் அடங்கும்.

1944-45 குளிர்காலத்தில் மோசலின் மேற்புறம் போர்முனையானது. பின்வாங்கிய ஜேர்மன் படை ஆற்றுப் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தது. 1945 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கப் படை ட்ரியரைக் கைப்பற்றியது. பின்னர் அந்தப் பகுதி பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் வந்தது.

அதன் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 1956இல் பிரான்சும் ஜேர்மனியும் லக்சம்பேர்க்கும் மோசல் ஆற்றைப் பெரிய கப்பல்கள் போகும் பாதையாக மாற்ற உடன்படிக்கை செய்தன. 1964இல் அது திறக்கப்பட்டது. 1985 ஜூன் 14ஆம் திகதி, ஐரோப்பாவில் எல்லைச் சோதனைகளை நீக்கத் தொடங்கிய ஷெங்கன் உடன்படிக்கை இதே மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில்தான் கையெழுத்தானது. ஷெங்கன் என்பது லக்சம்பேர்க்கின் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிறிய வைன் கிராமம். நம்மவர்கள் விசாவில் பார்க்கும் அந்தச் சொல் அங்கிருந்து வந்தது.

பெயர் கெட்ட கதை

போருக்குப் பின் வந்த பெரிய ஆபத்து குண்டால் வரவில்லை, சட்டத்தால் வந்தது. 1971இல் மேற்கு ஜேர்மனி புதிய வைன் சட்டம் கொண்டுவந்தது. வைனின் தரத்தை முக்கியமாகப் பழச்சாற்றின் சீனி அளவை வைத்து வகுத்தார்கள். பல்லாயிரம் சிறு தோட்டப் பெயர்கள் ஏறத்தாழ 2,600 ஆகக் குறைக்கப்பட்டன. அதோடு பல ஊர்களின் நிலங்களைச் சேர்த்து 'கூட்டுப் பெயர்' வைக்கவும் அனுமதித்தார்கள். பீஸ்போர்ட் என்ற ஊரின் பெயர் பெற்ற செங்குத்துச் சரிவில் விளைந்த வைனும், அதைச் சுற்றியுள்ள பரந்த பகுதியின் சமதரையில் இயந்திரம் வெட்டிய வைனும் ஒரே ஊர்ப் பெயரோடு கடைக்கு வந்தன. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியவில்லை.

மலிவான இனிப்பு வைன் உலகமெங்கும் போனது. மோசல் என்றால் சீனித் தண்ணீர் என்ற பெயர் வந்தது. 1985இல் ஒஸ்ற்றியாவில் சில வைன்களில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனம் கலந்தது அம்பலமானது. அந்த வைனை வாங்கிக் கலந்த ஜேர்மன் போத்தல் நிறுவனங்களும் சிக்கின. மலையில் ஏறி உழைத்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் சந்தை அவரையும் சேர்த்தே தண்டித்தது. 1980களிலும் 90களிலும் பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்? தனித்தனியாக அல்ல. மோசலின் முன்னணித் தோட்டங்கள் 1908இலேயே ஒரு சங்கமாகச் சேர்ந்து ட்ரியரில் பொது ஏலம் நடத்தத் தொடங்கியிருந்தன. அந்த ஏலம் இன்றும் நடக்கிறது. எந்தச் சரிவு, எந்தக் குடும்பம், எந்த ஆண்டு என்பதை மறைக்காமல் சொல்லி விற்பதே அவர்களின் பலம். 2015ஆம் ஆண்டு ஏலத்தில் ஏகொன் முல்லர் தோட்டத்தின் 2003ஆம் ஆண்டு இனிப்பு வைன் ஒரு போத்தல் 12,000 யூரோவுக்குப் போனது. கொடியிலேயே வற்றிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்யும் அரிய வைன் அது. எல்லோருக்கும் கிடைக்கும் விலை அல்ல. ஆனால் ஒரு மலையின் பெயருக்கு மதிப்பு உண்டு என்பதை அந்த ஏலம் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

மலையில் ஏறுவது யார்

இப்போது கணக்குக்கு வருவோம். சமதரைத் தோட்டத்தில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடும். ஒரு ஹெக்டயருக்கு ஆண்டுக்குச் சில நூறு மணித்தியால மனித உழைப்புப் போதும். கம்பில் கட்டிய செங்குத்துத் தோட்டத்தில் அது 1,000 மணித்தியாலத்தையும் தாண்டும். ஜேர்மனியில் சட்டபூர்வ குறைந்தபட்சக் கூலி 2015இல் மணிக்கு 8.50 யூரோவாகத் தொடங்கி, 2025இல் 12.82 யூரோவானது. 1,000 மணித்தியாலத்துக்கு குறைந்தபட்சக் கூலி மட்டும் 12,820 யூரோ. அந்த ஹெக்டயர் 5,000 போத்தல் தந்தது என்று வைத்துக்கொண்டால், தோட்ட வேலைக்கே ஒரு போத்தலுக்கு 2.50 யூரோவுக்கு மேல் போய்விடும். இனித்தான் நிலவறை, போத்தல், வரி, கடன், குடும்பம். சுப்பர் மார்க்கெற்றில் 5 யூரோவுக்கும் குறைந்த போத்தல்கள் அடுக்கியிருக்கும் நாட்டில் இந்தக் கணக்கு எப்படி நிற்கும்?

குடும்பப் பண்ணை என்று சொன்னாலும் குடும்பத்தால் மட்டும் அந்த மலையைப் பார்க்க முடியாது. அறுவடைக் காலத்தில் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பருவகாலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். முதுகில் கொள்கலனைக் கட்டிக்கொண்டு வழுக்கும் கல்லில் ஏறி இறங்குபவர்கள் அவர்கள். மலையகத்தில் கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. போத்தலில் குடும்பத்தின் பெயர் இருக்கும், அவர்களின் பெயர் இருக்காது.

வேலையை இலகுவாக்க ஒற்றைத் தண்டவாள வண்டிகள் வந்தன. கம்பி வடத்தால் இழுக்கும் கருவிகள் வந்தன. கைவிடப்பட்டிருந்த கல்மோன்ட் மலையின் சில பகுதிகள் அந்தத் தண்டவாளத்தின் உதவியோடு மீட்கப்பட்டன. மருந்து தெளிக்க ட்ரோன்களும் பயன்படுகின்றன. செங்குத்து நிலத்துக்கு மாநில அரசு தனியாக உதவித்தொகையும் கொடுக்கிறது. ஆனால் கத்தரிப்பதும் கட்டுவதும் பழம் தெரிவதும் இன்னும் கையால்தான்.

தூரத்து அரசியலும் இந்த மலையை விடவில்லை. 2019 ஒக்ரோபரில் அமெரிக்கா ஜேர்மன் வைன் மீது 25 வீத மேலதிக வரி விதித்தது. காரணம் வைன் அல்ல, எயார்பஸ் விமானங்களுக்கு ஐரோப்பிய அரசுகள் கொடுத்த மானியம். 2021 மார்ச்சில் அது நிறுத்தி வைக்கப்படும் வரை, ஆகாய விமானத் தகராறுக்குத் திராட்சைக்காரர் தண்டம் கட்டினார்.

மாறும் வானம்

பருவம் மாறுவது மோசலுக்கு முதலில் நன்மையாகவே வந்தது. முன்பு பத்தாண்டில் சில ஆண்டுகளே பழம் நன்றாகப் பழுக்கும். 1988க்குப் பிறகு பழுக்காமல் போன ஆண்டுகள் மிகவும் குறைந்துவிட்டன. இப்போது மறுபக்கம் தெரிகிறது. கோடை வெயிலில் பழம் கருகுகிறது. கொடி முன்கூட்டியே துளிர்க்கிறது, பிறகு வரும் பனி அந்தத் துளிரைக் கொல்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் அப்படி வந்த உறைபனி மோசல், சார், ரூவர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பெரும் சேதம் செய்தது. கொடியில் உறைந்த பழத்தைப் பிழிந்து செய்யும் பனி வைனுக்கு, வெப்பநிலை கழிய 7 பாகை செல்சியசுக்காவது இறங்க வேண்டும். 2019ஆம் ஆண்டு அறுவடைக்கு ஜேர்மனியின் எந்தப் பகுதியிலும் அந்தக் குளிர் வரவில்லை. முழு நாட்டிலும் பனி வைன் பொய்த்தது.

விட்டால் என்ன ஆகும்

மோசலில் ஒரு தோட்டம் கைவிடப்பட்டால் முதலில் முட்செடி வரும், பிறகு பற்றை, பிறகு மரம். காறை பூசாமல் கல் அடுக்கிக் கட்டிய மதில்கள் உப்பிச் சரியும். முன்பெல்லாம் மழையில் கீழே வழுக்கிய சிலேட்டைக் கூடையில் அள்ளி மறுபடியும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதைச் செய்ய ஆளில்லாதபோது மலை கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றை நோக்கி இறங்கும். ஒரு தோட்டம் கைவிடப்பட்டால் அதிலிருந்து நோய் பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவும். ஆகவே ஒருவர் இறங்கினால் அடுத்தவரும் இறங்க வேண்டி வருகிறது.

வலிகாமம் வடக்கில் பல ஆண்டுகளுக்குப் பின் தங்கள் காணிக்குத் திரும்பியவர்கள் பற்றைக்குள் கிணற்றையும் எல்லைக் கல்லையும் தேடியதை நாம் அறிவோம். அங்கே துப்பாக்கி மக்களை வெளியேற்றியது. மோசலில் விலையும் கூலியும் வயதும் வெளியேற்றுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. மோசல்காரருக்கு உறுதி கையில் இருக்கிறது, நினைத்தால் நாளைக்கே ஏறலாம். அந்தச் சுதந்திரம் இல்லாதவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஆள் புழங்காத நிலத்தைக் காடு எவ்வளவு விரைவாக எடுத்துக்கொள்ளும் என்பதில் இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு இல்லை.

காணி கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நாம் பல வேளை பேசுகிறோம். உறுதி, தண்ணீர், பாதை எல்லாம் இருந்தும் மோசலில் நிலம் கைவிடப்படுகிறது. நிலத்தில் நின்றவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு இன்னும் மூன்று இருந்தன: விளைபொருளுக்கு ஊர்ப் பெயரோடு சேர்ந்த நியாயமான விலை, அதைக் காக்கும் சங்கமும் சட்டமும், படித்து முடித்த பின்னும் ஊருக்குத் திரும்ப விரும்பிய ஒரு பிள்ளை. முதல் இரண்டும் இல்லாத இடத்தில் மூன்றாவதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தங்கள் பிள்ளைகள் ஏன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை என்று கேட்கும் நம் விவசாயிகளும், அவர்களுக்காகத் திட்டம் போடுபவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.